நான்காவது பாட்டில்

பதினொன்றாம் வகுப்பில் புவியியல் மிஸ் ஆளுக்கொரு சூழலியல் மண்டலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, எனக்கும் தலத்தெருவிலிருந்து வரும் என் தோழிக்கும் ஆற்று முகத்துவாரமும் அதையொட்டிய வயல்வெளியும் வந்தன. மண், தண்ணீர், செடிகொடி, அங்கே பிழைக்கும் மனிதர்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மற்றவர்கள் மலைக்காட்டையும் பாலைவனத்தையும் இணையத்தில் பார்த்து எழுதினார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கள் வீடு நெரவியைத் தாண்டி வயலோரத்தில் இருந்தது.

என்னைவிட அப்பாவுக்குத்தான் சந்தோஷம். ஏழாவதோடு படிப்பை விட்டவர். ஞாயிற்றுக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். முகத்துவாரத்து மணல்திட்டில் உமரிச் செடி ஒன்றைக் கிள்ளித் தோழியிடம் கொடுத்தார்.

"கடிச்சுப் பாரும்மா. உப்பு தெரியுதா? இது கடல் தண்ணியக் குடிச்சே வளருது."

அவள் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஐந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்தோம். முகத்துவாரம், பாலத்தடி, வடிகால் வாய்க்கால், எங்கள் வயல் போர்க்குழாய், ஊர்க்குளம். மிஸ் கொடுத்தனுப்பிய உப்பு அளக்கும் கருவி பேனா அளவுதான் இருக்கும். கூடத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்து நான் நனைக்க, தோழி எண்ணை எழுதினாள். அப்பா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டும் கடல் பக்கம், அதிகமாகத்தான் இருக்கும். வடிகாலிலும் அதிகம். நான்காவது டம்ளரில் இருந்த எங்கள் போர்த் தண்ணீர் வடிகாலையும் தாண்டிப் போனது.

"மிஷின்ல கோளாறு இருக்கும் பாப்பா. கழுவிட்டு வைய்யி."

கழுவினேன். குடிக்கிற தண்ணீரில் வைத்தால் சரியாகக் காட்டியது. திரும்ப நான்காவதில் வைத்தேன். அதே எண். தோழி பாடப்புத்தகத்திலிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நெல்லுக்கு ஆகாதுன்னு போட்டிருக்குடி."

அப்பா காதில் விழுந்துவிட்டது. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். தோழி கிளம்பிய பிறகுதான் வந்தார்.

"நம்ம போருன்னு எழுதாத."

"ஏம்ப்பா? மிஸ் கேப்பாங்களே."

"எழுதாதன்னா எழுதாத."

அது சம்பாவுக்கு நாற்றங்கால் விடும் நேரம். நாங்கள் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. போரை நம்பித்தான் விதைக்க வேண்டும். முந்தின வருஷம் நெல் பாதி பதராகப் போனபோது அப்பா விதைக் கடைக்காரரைத் திட்டினார். களையை ஒழுங்காகப் பறிக்கவில்லை என்று அம்மாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தார். அம்மாவும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் 'மாதிரி நான்கு: தனியார் கிணறு' என்று எழுதினேன். நேர்முகத் தேர்வின்போது வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்தத் தண்ணிய நம்பி யாராவது விவசாயம் பண்றாங்களா?"

"இல்ல சார். தரிசு."

தோழி குனிந்துகொண்டாள். நல்ல மதிப்பெண் போட்டார்கள். மிஸ் வகுப்பில் கைதட்டச் சொன்னார். நான் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதற்கு முன்பே அப்பா விதைத்துவிட்டிருந்தார். விதைக்கிற அன்று நான் வரப்பில் நின்றேன். "வேண்டாம்ப்பா" என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அம்மா முந்தானையில் விதையை வாங்கிக்கொண்டு சாமி கும்பிட்டாள். முதல் பத்து நாள் பச்சை பிடித்தது. அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நுனி சிவந்தது. சிவப்பு கீழே இறங்கி, கடைசியில் நாற்றங்கால் முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது. மண்மேல் வெள்ளை பூத்திருந்தது.

அப்பா அதில் இறங்கி ஒரு பிடியைப் பிடுங்கினார். வேர் இல்லாமல் கையோடு வந்தது.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்ப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ரெண்டு வருஷமா மாடு அந்தப் போர்த் தொட்டியில வாய வைக்கல. தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற?"

நாங்கள் எழுதிய திட்ட அறிக்கையில் 'தீர்வுகள்' என்று ஒரு பக்கம் உண்டு. தடுப்பணை, உப்பைத் தாங்கும் ரகம், மழைநீர் என்று வண்ணப் பேனாவால் எழுதியிருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உப்பைத் தாங்கும் ரகத்தை அவர் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. விதைக் கடைக்காரரைத் திட்டிய வருஷத்துப் பதர்தான் அது.

இப்போது அவர் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறார். கோயிலுக்குக் கூட்டம் வரும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வர முடியாது. வருகிறவர்களுக்கு அறை திறந்துவிட்டு, குளத்துக்கு வழி காட்டி, அவர்கள் போனதும் விரிப்பை மாற்ற வேண்டும். வயலில் கருவை முள் மண்டிவிட்டது. பக்கத்து இரண்டு வயல்களும் போன வருஷம் தரிசாகிவிட்டன.

போன மாதம் ஊருக்குப் போனபோது, கருவையை வெட்டி ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அதப் பத்தி பேசாத பாப்பா" என்றார். அம்மா எழுந்து போய்க் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள்.