இரண்டாவது மத்தியான மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணக்கு வாத்தியார். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்க முட்டை போட்டவன். பேய், முனி, காத்துக் கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால், எத்தனை அடி தூரத்தில் பார்த்தீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்று இரண்டே கேள்வி கேட்பேன், ஆள் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது இருட்டில் நடந்ததும் இல்லை. மண்டை பிளக்கிற வெயிலில், ஒரு வளாகமே காதால் கேட்க நடந்தது.

யுத்த காலம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அதுதான் காலேஜ், அதுதான் யுனிவர்சிட்டி. வகுப்புக் கட்டடம், ஆஸ்டல், கிணறு, நாங்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காகச் சுற்று ஊர்ப் பிள்ளைகளை வைத்து நடத்திய மாதிரிப் பள்ளி, எல்லாம் ஒரே வேலிக்குள். ஆஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்பது சட்டம். நான் அருப்புக்கோட்டை நெசவு வீட்டுப் பையன், வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் எங்கள் தறி நின்றது. ஆஸ்டல் சாப்பாட்டுக்கு இனி வழியில்லை, படித்தது போதும், திரும்பி வா என்று அப்பா கடிதம் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், புது மணி, பழைய மணி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எங்கள் பள்ளியில் மணி அடித்தவர் சோணையா என்ற பியூன், நரிக்குடிப் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கும். மணி என்றால் விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து வாங்கி வந்த இரண்டு முழத் தண்டவாளத் துண்டு, வேப்பமரக் கிளையில் கயிற்றில் தொங்கும். மற்ற மணியெல்லாம் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து அடிப்பார். மத்தியானச் சாப்பாட்டு மணி மட்டும் தன் நிழலைப் பார்த்துத்தான். நிழல் ஒடுங்கிக் காலடிக்கு வந்ததும் பன்னிரண்டு அடி, அப்புறம் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்னத் தட்டு. புது மணி வந்ததும் ஆஸ்டல் வார்டன் கடிகாரத்தைக் காட்டி, இதில் பன்னிரண்டு ஆனதும் அடி என்றார்.

"நெழலு இன்னும் காலுக்கு வரலைங்களே, எப்பிடி அடிக்கச் சொல்றீக?" என்றார் சோணையா.

"நெழலா சம்பளம் குடுக்குது? கடிகாரம் சொல்றதை அடி."

"மத்த மணி எதை வேணாலும் அடிக்கேன். உச்சிய மட்டும் மாத்த எனக்கு மனசு வரலைங்க."

மூன்று நாள் பொறுத்தார்கள். நாலாம் நாள் காலைப் பிரார்த்தனையில் வார்டன், மணி அடிக்கிற மாணவனுக்கு ஆஸ்டலில் இலவசச் சாப்பாடு, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். முதலில் எழுந்த கை என்னுடையது. சோணையா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அடிக்கிற இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்தார்.

"கடைசில ஒரு சின்னத் தட்டு தட்டணும் தம்பி. அப்பத்தான் அதுக்கு அதிர்வு அடங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றைக்கே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

நான் தட்டவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பதின்மூன்று எதற்கு என்று நினைக்கிற ஆள் நான். எனக்கு என் சாப்பாட்டு இலை நிச்சயமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் சுகமாகப் போனது. பிறகு ஒரு நாள், நான் பன்னிரண்டு அடித்து, எல்லோரும் சாப்பிட்டு வகுப்புக்குப் போன பிறகு, மறுபடியும் மணி கேட்டது. இலவசச் சாப்பாட்டுக்காரன் கடைசிப் பந்தி, நான் கிணற்றடியில் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நிதானமாகப் பன்னிரண்டு அடி, அப்புறம் ஒரு சின்னத் தட்டு. மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள் மறுபடியும் சோறு என்று தூக்குச்சட்டியோடு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். மரத்தடியில் யாரும் இல்லை. மறுநாளும் கேட்டது. அடுத்த நாளும்.

வார்டன் வேறு யாரைச் சந்தேகப்படுவார்? அந்த நேரத்தில் வெளியே இருப்பவன் நான் ஒருவன்தான். கம்பியை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார், என் முறைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படியும் கேட்டது. நான் கல்லால் அடிப்பதாகச் சொன்னார். என் அறைக்காரன் ராமசாமி, மல்லாங்கிணறு பையன், அவன் பங்குக்கு, "ஏலே, சோணையா அண்ணன் செத்துப்போயிட்டாரு போல. ஒன்னத்தான் தேடி வந்திருக்காரு" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செத்தவர் வந்து மணி அடிப்பாராம். எவனோ விளையாடுகிறான், பிடித்துக்காட்டுகிறேன் என்று ஒரு குச்சியை நட்டு நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். புது மணி ஒன்றே காலுக்குக் கொஞ்சம் மேலே, குச்சியின் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அப்போது சரியாக முதல் அடி விழுந்தது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. விளையாடுகிறவனுக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா என்று எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தபால் வந்தது. மாதிரிப் பள்ளியில் நாங்கள் பாடம் நடத்துவதை மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்து பார்ப்பார். வார்டன் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை அந்த ரெண்டாவது மணி அடிச்சுப் பிள்ளைக எந்திரிச்சு ஓடுச்சுன்னா, நீ அன்னைக்கே மூட்டையக் கட்டிக்கிடணும். புரியுதா?"

புரிந்தது. இலை போனால் படிப்பு போச்சு, நிற்கிற தறிக்கு முன்னால் போய் நானும் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் நான் பயப்படவில்லை, என்னிடம் ஒரு யோசனை இருந்தது. சனிக்கிழமை என் பன்னிரண்டையும் அடித்துவிட்டுக் கம்பியை வார்டனிடம் ஒப்படைத்தேன். எல்லோரும் வகுப்புக்குப் போனதும் கயிற்றை அவிழ்த்துத் தண்டவாளத்தை மெதுவாக இறக்கி மண்ணில் கிடத்தினேன். வெயிலில் பழுத்துக் கிடந்தது. துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இனி எவன் அடிப்பான் பார்க்கலாம்.

குச்சியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. முதல் அடி விழுந்தது.

நம்பினால் நம்புங்கள், சத்தம் தலைக்கு மேலே, வெறும் கயிறு தொங்குகிற இடத்திலிருந்து வந்தது, அதிர்வு என் தொடைக்குக் கீழே வந்தது. மண்ணில் கிடக்கிற இரும்பை அடித்தாலும் கணீர் என்னாது, அது எந்தப் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். இது கணீர் என்றது. ஆனால் வழக்கம்போல இல்லை, ஒவ்வொரு அடியும் இழுத்து இழுத்து, மூச்சு வாங்குகிற மாதிரி விழுந்தது. எழுந்து ஓட நினைத்தேன், துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன், உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆறாவது அடிக்குள் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். பின்னாலேயே வார்டன், அவருக்குப் பின்னால் தொப்பியோடு இன்ஸ்பெக்டர். வார்டன் வெறும் கயிற்றைப் பார்த்தார், எனக்கு அடியில் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தார், தன் கையில் இருந்த மேஜைச் சாவியைப் பார்த்தார். அப்போதும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, சின்னத் தட்டு.

"நல்ல சத்தமா இருக்கே, எங்கே வச்சிருக்கீங்க மணியை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கழட்டி வச்சிருக்கு சார்" என்றார் வார்டன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லை. "நாளைக்கு நரிக்குடிப் பக்கம் போய், அந்த ஆளு இருக்காரா இல்லையான்னு பாத்துட்டு வா. ஆனா ஒண்ணு, திங்கக்கிழமையும் அடிச்சா என்னால உன்னை வச்சுக்க முடியாதுப்பா. மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதுவேன்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸு, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸு, அதில் ஏறிப் போய் இறங்கி நடந்தேன். எழவு வீட்டுக்குப் போகிற நினைப்புத்தான். விசாரித்தால், கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிறார் போய்ப் பாருங்கள் என்றார்கள். போனேன். சோணையா கல்லுக்குண்டாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, இம்புட்டு தூரம் வெயில்லயா வந்தீக?" என்று மோரை ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆள் உயிரோடு இருக்கிறார், ஆக ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. காற்றும் வெயிலும் செய்கிற ஏதோ ஒரு வித்தை, உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைத்துவிடும். இப்படி நான் தைரியமாகிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்தார். காலடியைப் பார்த்தார். ஆட்டுக்கம்பால் பக்கத்துப் பாறையில் அடித்தார். டொக், டொக் என்று பன்னிரண்டு. அப்புறம் ஒரு சின்னத் தட்டு. பாறையில் கம்பு பட்ட சத்தம்தான், பத்தடி தள்ளி நின்ற ஆடுகூடத் திரும்பவில்லை.

"தெனமும் அடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"கை பழகிருச்சு தம்பி. கொஞ்ச நாளு சும்மா இருந்து பாத்தேன், முடியல. உச்சி வந்தா அடிச்சாத்தான் கஞ்சி இறங்குது." கம்பை ஊன்றி உட்கார்ந்தவர், சாதாரணமாக, மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி கேட்டார். "ஆமா, நேத்து என்ன தம்பி, மணி மேல ஏறி உக்காந்திருந்தீகளா? அம்புட்டு கனம். கம்பத் தூக்கவே ஏலல."

குடித்துக்கொண்டிருந்த மோரைக் கீழே வைத்தேன். நான் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பெரியவர்கள் வார்டனும் இன்ஸ்பெக்டரும்தான். பிறகு அந்தப் பக்கம் போன முதல் பஸ்ஸில் போனவன் நான். இவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

"ஒங்களுக்கு எதுவும் இடைஞ்சலா தம்பி?" என்றார்.

மணியை நீங்களே வந்து அடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "இடைஞ்சல்தாண்ணே. நாளைக்கும் கேட்டா என் சாப்பாடு போயிரும்" என்றேன்.

கம்பை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "சாப்பாடு போகக் கூடாது தம்பி. படிக்கிற பிள்ளை. இனி அடிக்கல, நீங்க போங்க" என்றார். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கஞ்சிக் கலயம் அங்கேயே மூடியபடி இருந்தது.

திங்கட்கிழமை அடிக்கவில்லை. குச்சி நிழல் குட்டையாகி மறுபடி நீண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அடிக்கவில்லை. நான் இலை போட்டுச் சாப்பிட்டேன், பரீட்சை எழுதினேன், காரியாபட்டியில் வேலைக்குச் சேர்ந்தேன், யுத்தம் முடிந்து பழைய மணியும் திரும்பி வந்தது. ஒரே மனிதரிடமிருந்து ஒரே மணியை இரண்டு தடவை பிடுங்கினேன், முதல் தடவை தெரியாமல், இரண்டாவது தடவை தெரிந்தே. அது எப்படிக் கேட்டது என்பதற்கு இன்றுவரை என்னிடம் வழியும் இல்லை, விடையும் இல்லை. நான் திருத்தியிருந்தால் எனக்கும் முட்டைதான் போட்டிருப்பேன்.

ஒன்று மட்டும் இன்னும் விடவில்லை. உச்சி வேளையில் எங்கே இருந்தாலும், வகுப்போ கல்யாணப் பந்தியோ பஸ்ஸோ, நான் எழுந்து நின்றுவிடுவேன். என் மாணவர்கள் மூட்டுவலி என்று நினைத்தார்கள், என் மனைவி ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாள். நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது, அதை எங்கிருந்து யார் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் கனமாக இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.