அப்பாவின் நெஞ்சில் வெல்க்ரோ

அக்கா வேலூரில் டாக்டருக்குப் படித்த வருஷங்களில், ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஸ்டெதாஸ்கோப்போடு பிடித்துக்கொள்வாள். "வாயத் தொறந்து இழுத்து விடு. பேசாத." அம்மா, அண்ணன், நான், எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: நார்மல். இலையில் காற்று படுகிற மாதிரி மெல்லிசாக, இழுக்கும்போது நீளமாக, விடும்போது குட்டையாகக் கேட்கிறதாம். பரீட்சை நெருங்கிவிட்டது, இந்த வீட்டில் கெட்ட நெஞ்சு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே என்று அலுத்துக்கொள்வாள். அந்த ஞாயிறுகளுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது.

அன்றைக்கு மாட்டியவர் அப்பா. ஷூ ஃபேக்டரியில் தூசி பறக்கத் தோல் தேய்க்கிற வேலை அவருக்கு. பிரியாணி ஆறிப்போகுது என்று முனகிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். முதுகின் அடிப்பக்கம் வைத்ததும் அக்காவின் முகம் மாறியது. "முடி உரசுற சத்தமா இருக்கும்" என்று தண்ணீர் தொட்டுத் தடவினாள். இருமச் சொன்னாள். மறுபடி வைத்துக் கேட்டாள்.

நான் அடம்பிடித்து வாங்கிக் காதில் மாட்டினேன். அடடா! அப்பா மூச்சை இழுத்து முடிக்கிற நேரத்தில் சர்ரென்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான். அப்பா வாங்கித் தந்த என் பள்ளிக்கூட ஷூவை ஓடிப்போய் எடுத்துவந்து, வெல்க்ரோ பட்டையை அக்காவின் காதருகே மெல்லப் பிரித்துக் காட்டினேன். "இதேதான்க்கா!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், இருமல் வரும்வரை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் புத்தகத்திலும் அந்தச் சத்தத்தை வெல்க்ரோ என்றுதான் சொல்லியிருக்கிறது என்பதும், நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது என்று அதற்கு அர்த்தம் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்கப்பா."

"இன்னாம்மா, உன் பரீட்சைக்கு நானா?"

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. என் நெஞ்சுல மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல என்று தரையில் புரண்டு அழுதேன். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அழாத கண்ணு. பெரியவளாகி அப்பா மாதிரி ஃபேக்டரிக்கு வந்தா உனக்கும் வரும்" என்றார்.

"வாய மூடுங்கப்பா!"

அக்கா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அதுவரை நான் கேட்டதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கெட்ட நெஞ்சு ஒன்று கிடைக்கவில்லையே என்று அத்தனை நாள் அலுத்துக்கொண்டவள், கிடைத்த பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை.