எதிர் வீட்டுக் கதவில் ஒரு ரிப்பன்

போர் தொடங்கிய வாரம் ஷார்ஜாவில் எங்கள் வீட்டு டிவியில் நாடு நாடாக வந்து கவலை தெரிவித்தார்கள். ஆழ்ந்த கவலையாம், மிகுந்த கவலையாம், தொடர்ந்து கவனித்து வருகிறார்களாம். எனக்கு வந்ததே கோபம்! பெரிய நாடு ஒன்று டாங்கியை ஓட்டிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குள் நுழைகிறது. பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? ஐ.நா. சபை ஓட்டெடுப்பில் நம் நாடும் ஒதுங்கி நின்றது என்று செய்தியில் சொன்னதும் ரிமோட்டை சோபாவில் வீசினேன். சவூதியில் தம்மாம் சைட்டில் இருக்கும் என் கணவரைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"நீ ஏண்டி பிரஷரை ஏத்திக்கிற? நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார்.

"ஊர் வம்பா? எதிர் வீட்டு வம்புங்க இது" என்றேன்.

உண்மையிலேயே எதிர் வீடுதான். எங்கள் கதவைத் திறந்தால் நாலடியில் அவர் கதவு. உக்ரைன்காரப் பெண்மணி, தனியாக இருப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் பார்க்கிற வேலை. கொரோனா சமயத்தில் என் கணவர் தம்மாமிலேயே மாட்டிக்கொண்டார். எனக்குக் காய்ச்சல் வந்து ரூமுக்குள் அடைந்து கிடந்தேன். அத்தனை நாளும் என் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர்தான். நாங்கள் கறி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்து, பீட்ரூட் சூப்பைக் கறி போடாமல் காய்ச்சி என் கதவடியில் வைத்து, பெல்லை அடித்துவிட்டுப் போய்விடுவார். பெற்றவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

போர் வந்ததும் அவர் நாலைந்து கோதுமைக் கதிர்களை தன் நாட்டுக் கொடியின் நிறத்தில் நீலமும் மஞ்சளுமான ரிப்பனில் கட்டி, செல்லோடேப் போட்டுக் கதவில் ஒட்டினார். அவ்வளவுதான். கொடி கிடையாது, கோஷம் கிடையாது. அவருடைய அம்மாவும் தம்பியும் அங்கேதான் இருந்தார்கள். தினமும் காலையில் அம்மாவுக்குப் போன் போட்டு, அவர் எடுத்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார். எடுக்காத நாட்களில் என் கிச்சனில் வந்து உட்காருவார்.

அப்படி ஒருநாள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்.

"எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். பாவம் என்கிறார்கள். இது தப்பு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஏன்?"

"நான் சொல்கிறேன். தப்புதான். நூறு தடவை தப்பு" என்று அடித்துச் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பக்கம் ஒரு வீடாவது இருக்கிறது" என்றார். என் கிச்சனில் நின்று சொல்வதற்கு எனக்கென்ன பயம்!

அடுத்த மாதம் வாட்ச்மேன் வந்து பெல் அடித்தார். பெஷாவர்க்காரர், மரியாதையான மனுஷன். கட்டடத்தில் யாரோ அந்த ரிப்பனைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்களாம். யார் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. "மேடம், அந்தக் கதவுக்கு நேரா இருக்கறது உங்க வீடு. உங்களுக்குப் பிராப்ளம் இல்லன்னு சொல்லுங்க, நான் ஆபீஸ்ல பேசி அப்படியே விட்டுடறேன்" என்று ஹிந்தியில் கேட்டார்.

'பிராப்ளம் இல்ல பாய்.' இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. என் பெயர் எந்தப் பேப்பரில் ஏறுமோ, நாளைக்கு விசா புதுப்பிக்கும்போது யாராவது கேட்பார்களோ, மகளின் ஸ்கூல் என்ன ஆகுமோ. "எங்களுக்கு ரெண்டு பக்கமும் வேண்டியவங்கதான் பாய். நீங்க உங்க ரூல்படி பண்ணுங்க" என்றேன். சீ, என்ன குரல் அது! எனக்கே பிடிக்கவில்லை. "அச்சா மேடம்" என்று சொல்லி, நான் கதவைச் சாத்துவதற்குள் ரிப்பனைப் பிய்த்து எடுத்துவிட்டார். ஹாலில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி நோட்டில் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் வந்து, ரிப்பனைக் காணோமே என்று விசாரித்தார். "அப்படியா? நான் கடைக்குப் போயிருந்தேன்" என்றேன். "அதானே, நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் மகளின் ஸ்கூலில் ஒரு போட்டி. பிள்ளைகள் ஐ.நா. சபை மாதிரி உட்கார்ந்து, ஆளுக்கொரு நாட்டுக்காகப் பேசி ஓட்டுப் போட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த தலைப்பு இந்தப் போர். சீட்டுக் குலுக்கியதில் மகளுக்கு விழுந்தது நம் நாடு. கறுப்புக் கோட் வேண்டும் என்றதும் எதிர் வீட்டுக்காரர் தன் கோட்டையே எடுத்து, தோள்பட்டையைப் பிரித்து, அவள் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார்.

"நானும் வரலாமா?" என்று கேட்டார். "ஒரு மேடையில் ஒருவர் தப்பு என்று சொல்வதைக் கேட்க வேண்டும். குழந்தை சொன்னாலும் போதும்."

வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? என்ன பேசப்போகிறாய் என்று மகளிடம் கேட்டால் "சர்ப்ரைஸ்மா" என்று சிரித்தாள். அந்த வீட்டு சூப்பைக் குடித்தவள், பார்த்துப் பேசுவாள் என்று நம்பினேன்.

பேசினாளே! ஆங்கிலத்தில் அப்படி ஒரு சரளம். "இரண்டு தரப்பும் எங்களுக்கு வேண்டியவர்கள். எது நடந்தாலும் விதிகளின்படி நடக்கட்டும். இந்த வாக்கெடுப்பில் எங்கள் நாடு கலந்துகொள்ளவில்லை." ஹால் முழுக்கக் கை தட்டியது. சிறந்த பேச்சாளர் என்று கப் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவரும் தட்டினார், மடியை விட்டுக் கையைத் தூக்காமல், மெதுவாக. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். அவர் முன் சீட்டில், மகள் பின்னால் கோட்டும் கப்புமாக. அவருக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அவங்க தச்ச கோட்டப் போட்டுக்கிட்டு அவங்க முதுகுலயே குத்துறியே! சோறு போட்ட வீடுடி அது. துரோகம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அம்மா, இந்தியா நிஜமாவே அப்ஸ்டெய்ன்தான் பண்ணுச்சு. நான் இந்தியாதானே?"

"அதுக்காக? தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஒதுங்கியிருக்கலாம்ல? ரெண்டு பக்கமும் வேண்டியவங்களாம், ரூல்படி நடக்கட்டுமாம்! எங்கேருந்துடி புடிச்ச இந்தப் பேச்ச?"

"உன்கிட்டேருந்துதான். வாட்ச்மேன் அங்கிள்கிட்ட நீ சொன்னத அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன். மிஸ்கூட சூப்பர் லைன்னு சொன்னாங்க."

சிக்னலில் சிவப்பு. வண்டியை நிறுத்தினேன்.

எதிர் வீட்டுக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் குழந்தையைத் திட்டுகிறாய்? அவளுக்குக் கொடுத்ததைத்தானே பேசினாள். இப்போது என்ன சொல்கிறாள்?"

கண்ணாடியில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவேன் என்று அவள் எதிர்பார்த்தாள். நானும்தான் எதிர்பார்த்தேன்.

"பசிக்கிறதாம்" என்றேன்.

"ஐயோ, முதலிலேயே சொல்லக் கூடாதா!" அவர் அவசரமாகக் கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துப் பின்னால் நீட்டினார். காலையில் எழுந்து அவளுக்காகச் செய்த ஆப்பிள் கேக். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சாரி ஆன்ட்டி" என்றாள்.

"சாரியா? கேக்குக்குத் தாங்க்ஸ்தான் சொல்ல வேண்டும்" என்று அவர் சிரித்தார்.

பச்சை விழுந்து பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். வண்டியை எடுத்தேன். மகள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.