சோறு ஆறிகினு கீது

என் கணினியைப் பார்த்தாலே என் மகளுக்கு ரத்தம் கொதிக்கும். "இன்னும் இத வெச்சிருக்கியாம்மா? இதுக்கு சப்போர்ட் நின்னு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? எவனாவது உள்ள பூந்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போவான்" என்பாள். தூக்கிக்கொண்டு போக அதில் என்ன இருக்கிறது? ஏழாம் வகுப்பு இலக்கண வினாத்தாள்கள். கொண்டுபோய் எழுதிப் பார்க்கட்டும், பாஸ் ஆகிறானா பார்ப்போம்.

அவளிடம் நான் சொல்லிவந்த காரணம் எழுத்துரு. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த காலம் முழுக்க நான் தட்டிய வினாத்தாள்கள் ஒரு பழைய எழுத்துருவில் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் கோழி கிளறிய மாதிரி வரும். இப்போதும் கள்ளிக்குப்பத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், அவை எனக்கு வேண்டும். இது பொய் இல்லை. ஆனால் இதற்காக மட்டும் யாராவது ஒரு பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவார்களா?

உண்மையான காரணம் என் கணவரின் குரல். அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு. திறக்கும்போதும் மூடும்போதும், தப்பாக எதையாவது அமுக்கும்போதும் வரும் ஒலிகளை எடுத்துவிட்டு, நமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மனுஷர், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இதைக் கண்டுபிடித்தார். மகள் அதற்குள் கல்யாணமாகிக் காட்டுப்பாக்கம் போய்விட்டாள். ஒரு மைக்கை வாங்கிவந்து, நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, மூன்றையும் தன் வாயாலேயே பேசி வைத்துவிட்டார்.

திரும்பி வந்து சுவிட்சைப் போட்டேன். திரையில் வழக்கமான பச்சை மேடும் நீல வானமும் வந்தன. கூடவே, "இன்னாம்மே, வந்துட்டியா?" என்றது பெட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் முத்தாபுதுப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அப்பாவின் வேலையோடு திருநெல்வேலியிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், போதாக்குறைக்குத் தமிழ் டீச்சர். 'கீது', 'குந்து' எல்லாம் கேட்டாலே காது கூசும். திருத்தித் திருத்தி எனக்குத்தான் வாய் வலித்தது. கடைசியில் அந்தப் பேச்சை என் மேசை மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாரே! தப்பாக எதையாவது அமுக்கினால், "ஐயே! இன்னா பண்ணி வெச்சிகீற?" மூடினால், "போதும், எய்ந்து வா. சோறு ஆறிகினு கீது."

"மூடின பெறகு கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? மூடினா நானே எந்திரிச்சு வரப்போறேன்" என்றேன்.

"நீயா? மூடிட்டும் அங்கயே குந்திகினு இருப்பே. எனக்குத் தெரியாதா உன்ன?" என்றார்.

டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் வந்தால் ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைப்பேன். மானம் போகுமே! மகளிடம் சொல்லக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளே ஒரு நாள் உட்கார்ந்து, கேட்டு, துள்ளி விழ வேண்டுமாம். அதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. பார்ப்பதற்குள் போய்விட்டார். மாரடைப்பு.

அதற்கப்புறம் மகள் வரும்போது மட்டும்தான் ஸ்பீக்கரை அணைத்தேன். கேட்டால் அழுவாளே என்று ஒரு பக்கம், இதாவது எனக்கே எனக்கு இருக்கட்டுமே என்று ஒரு பக்கம். ஒரு நாள் திரையில் ஒரு கட்டம் வந்தது. இந்த சிஸ்டத்துக்கு இனிமேல் எங்களிடமிருந்து எந்த உதவியும் கிடையாது என்றது. அதோடு சேர்ந்து, "ஐயே! இன்னா பண்ணி வெச்சிகீற?" என்று அவர் குரல். "நானா பண்ணினேன்? அவங்கதான் கைய விட்டுட்டாங்க" என்று வாய்விட்டே சண்டை போட்டேன். அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதேன்.

போன ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து, மகள் புது லேப்டாப்போடு வந்து இறங்கினாள். பழையதை அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவதாக முடிவே பண்ணிவிட்டாள். சோறு வடித்து வைத்துவிட்டு, என்ன சொல்லித் தடுக்கலாம் என்று யோசித்தபடி சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் திறந்துவிட்ட கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைச் சுத்தமாக மறந்துபோனேன். வினாத்தாள்களை எடுத்துக்கொள்ள அவள் எதையோ அமுக்கியிருக்கிறாள்.

"ஐயே! இன்னா பண்ணி வெச்சிகீற?"

"ஒண்ணும் பண்ணலப்பா!" என்றாள் மகள், சின்ன வயதில் சொல்வது போலவே, சட்டென்று.

புளிக்கையோடு ஓடினேன். அவள் நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், துள்ளி விழ வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது உட்பட. "இத்தன வருஷமா இத நீ மட்டும் தனியா கேட்டுட்டு இருந்தியா?" என்றாள். கோபமா அழுகையா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று குரலையும் என் போனில் ஏற்றினாள். "எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்மா. புதுசுல தப்பு பண்ணாக்கூட அப்பா திட்டுற மாதிரி வெச்சிடுவேன். ஆனா திறக்கும்போதும் மூடும்போதும் மட்டும் பேச வைக்க முடியாது."

போனில் 'வந்துட்டியா'வை மட்டும் அமுக்கிப் பார்த்தேன். அவர்தான், அட்சரம் பிசகவில்லை. ஆனால் என் மனசு ஒட்டவில்லை. இந்த மனுஷர் என்றைக்கு நான் கூப்பிட்டு வந்திருக்கிறார்? டீ ஆறுது வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினாலும் வாசலில் யாரோடாவது பேசிக்கொண்டு நிற்பார். நான் பாட்டுக்கு என் வேலையில் இருக்கும்போது தானாக வந்து வம்பிழுத்தால்தான் அவர்.

இதைச் சொன்னேன். மகள் மேசைக்கு அடியில் குனிந்து நெட் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். "இது இங்கயே இருக்கட்டும். நெட் மட்டும் கிடையாது, சொல்லிட்டேன். மூடும்போது அப்பா என்ன சொல்வாரு?"

"நீயே மூடிப் பாரு."

மூடினாள்.

"போதும், எய்ந்து வா. சோறு ஆறிகினு கீது."

திரை கறுத்தது. உள்ளே சோறு உண்மையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, எனக்கும் மனசு வரவில்லை. மூடிய பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் அங்கேயே குந்திக்கொண்டிருந்தோம், அவர் சொன்ன மாதிரியே.