முள் இல்லாத வாட்ச்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு கடையில் கறுப்புப் பட்டை வைத்த டிஜிட்டல் வாட்ச் ஒன்று வாங்கினேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வசதியான வீட்டுப் பையன்கள் கட்டியிருந்த அதே சாயல். இப்போது மலிவாகக் கிடைக்கிறது.

"பேரன் எடுக்கப்போற வயசுல இதென்னங்க சின்னப்பிள்ள விளையாட்டு" என்றாள் வீட்டுக்காரி.

எனக்கு அது காரியத்துக்கு உதவியது. காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் எண்ணில்தான் போட்டிருக்கிறது. கையிலும் எண்ணாக இருந்தால் ஒத்துப் பார்க்கச் சுலபம். நேரம் பார்க்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

மகளுக்கு இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடம் பேரையூர்ப் பக்கம். உறுதி செய்து தட்டு மாற்றிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இதுவும் போனால் வீட்டுக்காரி தாங்கமாட்டாள். மகளோ குனிந்த தலை நிமிராமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் வந்த வேன் வழியில் நின்று தாமதமாகிவிட்டது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். காபி குடித்து முடிக்கவே பதினொன்றரை தாண்டிவிட்டது. தட்டை எடுக்கச் சொன்னேன். பையனின் தாய்மாமன் கையை உயர்த்தினார்.

"பொறுங்கண்ணே. பெரிய முள்ளு ஏறுதான்னு பாக்கணும். எறங்கும்போது நாங்க நல்லது செய்யிறதில்ல."

எங்களிலும் அந்த வழக்கம் உண்டு. அரை மணிக்கு மேல் பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறுகிற நேரம்தான் நல்ல காரியத்துக்கு. கையை நீட்டி வாட்சைக் காட்டினேன்.

"என்னண்ணே, இதுல முள்ளயே காணோம்?"

"பதினொன்னே முக்கால் ஆகப்போகுது. அப்ப முள்ளு ஏறத்தான செய்யும்."

"ஏறும்னு நீங்க சொல்றீங்க. நான் கண்ணால பாக்கணும்ல?"

ஆளாளுக்கு எடுத்துப் பார்த்த செல்போன்களிலும் எண்தான். எங்கள் சுவர்க் கடிகாரம் வெள்ளையடிக்கும்போது இறக்கியது, சாமான்களுக்கு அடியில் எங்கோ கிடந்தது. வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டுப் பெண் தன் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு வந்தாள். மாமன் வாங்கிப் பார்த்தார். பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது.

"எமகண்டம் வந்திருச்சே. இன்னொரு நாள் பாப்பம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

இன்னொரு நாள் என்று சொல்லித்தான் முதல் இடமும் போனது. மீனாட்சித் தாயே என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். என் வாட்சில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை, ஆனால் அதை யார் நம்புவது?

"அய்யய்யோ, அது கால் மணி கூட்டி வச்சதுண்ணே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பிள்ளைக ஸ்கூல் வேனப் பிடிக்கணும்ல."

பையனின் அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க வாச்சு சரியான நேரமா?"

"காலையிலதான் போனப் பாத்து ஒத்து வச்சேன்மா."

"அப்ப இந்த மணிய அதுக்குத் தக்கனத் திருப்புடா தம்பி" என்றார் தாய்மாமனிடம். "நீ முள்ளப் பாத்துக்க. நான் எம்மருமகளப் பாக்கணும்."

நான் எண்ணைப் படித்துச் சொல்ல, மாமன் பின்னால் இருந்த திருகைத் திருகினார். முள் பின்னால் போய் ஏறுமுகத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி கடிகாரத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு தட்டு மாற்றினோம். பையனின் அம்மா மகள் தலையில் பூ வைத்தார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

கடிகாரத்தை மறுபடி கூட்டி வைக்க ஒருவருக்கும் நினைவில்லை. திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேனை விட்டுவிட்டார்கள். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர்கள் அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள்:

"உங்க மகளுக்குக் கல்யாணம், எம்பிள்ளைக ஸ்கூல்ல முட்டி போடணுமா அண்ணே? மிஸ்ஸுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க!"

போய்ச் சொன்னேன்.