சிவப்புப் பேனாவின் மேசை

அச்சகத்தில் அவளுக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். பதினேழு வருடமாக ஒரே மேசை, ஒரே வேலை. அச்சுக்குப் போகும் ஆங்கிலத் தாள்களில் பிழை பார்ப்பது. அதிலும் அவள் உயிரை வாங்கியவை இரட்டைச் சொற்கள். பேனா, பென்சிலுக்கு ஒரு ஸ்டேஷனரி, நகராமல் நிற்பதற்கு இன்னொரு ஸ்டேஷனரி. பள்ளி முதல்வருக்கு ஒரு பிரின்சிபல், கொள்கைக்கு இன்னொன்று. காதுக்கு எல்லாம் ஒன்றுதான், எழுத்தில்தான் வம்பு.

டைப் அடிப்பவரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

"கம்ப்யூட்டர் தப்புன்னு அடியில கோடு போடலையே அக்கா," என்பார் அவர், அலட்டிக்கொள்ளாமல்.

"ரெண்டுமே நல்ல வார்த்தைப்பா. அது எப்படிக் கோடு போடும்? எங்க எது வரணும்னு அதுக்குத் தெரியுமா?"

மறுநாளும் அதே கதைதான்.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். "ஒரு வருஷமா ஒரு புகார்கூட வரலம்மா. இனிமே பிழை பார்க்கத் தனியா ஆள் வேண்டாம். ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்க பைண்டிங் பக்கம் போயிடுங்க."

"நான் பார்க்கிறதாலதான் சார் புகார் வரல."

"அப்படியா? திருத்தின தாள் இருந்தா காட்டுங்க."

எங்கே போய்க் காட்டுவது? திருத்தி முடித்த தாள்களைக் கொண்டுதான் அங்கே அச்சான கட்டுகளைச் சுற்றுவார்கள். பதினேழு வருட உழைப்பும் வாடிக்கையாளர்களின் குப்பைக்கூடைக்குப் போயிருந்தது.

இன்று காலை ஒரு பள்ளியின் அழைப்பிதழ் பிழை பார்க்க வந்தது. ஓய்வுபெறும் முதல்வர் அம்மாவுக்குப் பாராட்டு விழா. அவர் பெயருக்குக் கீழே, தடித்த எழுத்தில், முதல்வர் இருக்க வேண்டிய இடத்தில் கொள்கை உட்கார்ந்திருந்தது. அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். போகட்டும். ஐநூறு அட்டையும் இப்படியே போகட்டும். புகார் வந்தால்தான் இவர்களுக்கு இந்த மேசையின் அருமை தெரியும். தாளின் தலைப்பில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

தேநீர் குடிக்கப் போனாள். இரண்டாவது வாய் இறங்கவில்லை. அந்த அம்மா மேடையில் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலாளி மேலுள்ள கோபத்துக்கு அவர் என்ன செய்வார்? சே என்றாகிவிட்டது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்னாள். அதே தாளைத் திரும்ப வாங்கி, அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, டைப் அடிப்பவரைத் திருத்த வைத்தாள்.

சத்தம் நின்றதும் முதலாளி வந்துவிட்டார். அவளுக்குச் சட்டென்று தெம்பு வந்தது. காட்டச் சொன்னாரே, இதோ கையிலேயே இருக்கிறது.

"பாருங்க சார். இதைத்தான் சொன்னேன்."

அவர் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். பிறகு தாளின் தலைப்பைப் பார்த்தார். "இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"அப்போ நீங்க பார்த்தும் தப்பு வரத்தானே செய்யுது," என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அவள் தாளைக் கொண்டுபோய்த் தன் மேசையில் வைத்தாள்.

மாலைக்குள் ஐநூறு அழைப்பிதழும் பிழையில்லாமல் அச்சாகிவிட்டன. கடைசிக் கட்டைச் சுற்ற ஒரு தாள் குறைந்தது. அவள் தன் மேசையில் இருந்த அந்தச் சிவப்பு வட்டமிட்ட தாளை எடுத்துக் கொடுத்தாள்.