அக்காளின் நாய் மருந்தும் ஒரு கமுகம்பாளையும்

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிற இந்நாளில், ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பி எழுதுவது. மலர் என்றால் வாசம் வேண்டும் என்பீர்கள். இதில் புங்கெண்ணெய் வாடைதான் வரும்.

அக்காள் மயிலாடிக்கு அடுத்த எங்கள் வயற்கரை வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். குளச்சலில் வாழ்க்கைப்பட்டார். இருபத்திரண்டு வயதில் கணவரை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அவர் வளர்த்த நாயோடு திரும்பி வந்தார். அதன் முதுகெல்லாம் சீழ்க்கொப்புளம். அடித்துப் போட்டுவிடலாம் என்று வீடே சொன்னது. அக்காள் கேட்கவில்லை. புண்ணைச் சுற்றி மயிரைக் கத்தரித்தார். வேப்பிலை வெந்த நீர் ஆறியதும் கழுவி, ஈரம் போக ஒற்றி, குப்பைமேனியும் பச்சை மஞ்சளும் அரைத்துப் புங்கெண்ணெயில் குழைத்துப் பூசினார். நாய் நக்கிவிட்டது. மறுபடி பூசினார், மறுபடி நக்கியது. மூன்றாம் நாள், முற்றத்துப் பாக்கு மரத்திலிருந்து விழுந்து கிடந்த விறைத்த கமுகம்பாளையை வெட்டி, அதன் கழுத்தைச் சுற்றி அகலமாகத் தைத்துக் கட்டினார். வாய் புண்ணை எட்டவில்லை. ஒரு மாதத்தில் மயிர் முளைத்தது.

"ஏட்டி, நாய்க்கு மாலையா போட்டிருக்க?" என்று சித்தி கேட்டார்.

"பொண்ணு பாக்கப் போவுது சித்தி. ஒங்க வீட்டுக்குத்தான்" என்றார் அக்காள்.

பிறகு உங்கள் நாய்களும் மருந்துக்கு வந்தன, கொல்லை வழியாக. நாயைத் தொட்ட கை என்று, அவர் கொடுத்த தண்ணீரை மட்டும் நீங்கள் குடிக்கவில்லை.

நான் அப்போது டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். மலைத் தோட்டத்துத் துரையின் வேட்டை நாய்க்கு அதே புண். எங்கள் கார்பாலிக் நீருக்கு ஆறவில்லை. என்னிடம் மருந்திருக்கிறது என்று துரையிடம் சொல்லிவிட்டு அக்காளிடம் வந்தேன். அவர் அரைத்ததைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, என் கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன். அக்காள் புதிதாக ஒரு பாளையும் தைத்துத் தந்தார்.

"மக்கா, மருந்து ரெண்டாவதாக்கும். மொதல்ல பாளையக் கெட்டணும்."

போகிற வழியில் அதை வாய்க்காலில் எறிந்தேன். கால்சட்டை போட்ட கம்பவுண்டர், துரை பார்த்து நிற்க, அவர் நாய்க்குப் பாளை கட்டுவதா? தண்ணீரில் அது படகுபோல அழகாகத்தான் போனது.

நாய் மருந்தை நக்கியது. புண் பரவித் தோல் அழுகியது. துரை அதைச் சுட்டார். யார் மருந்து என்று கேட்டார். அக்காளுடையது என்றேன். ஆறியிருந்தால் என்னுடையது என்றிருப்பேன்.

வீட்டில் அக்காள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாளையக் கெட்டினியா?"

"கெட்டினேன் அக்கா."

தம்பியை நம்பினார்; அதனால் தம் மருந்தை நம்பாமல் போனார். குப்பைமேனியை வேரோடு பிடுங்கினார். அதன்பின் எந்த நாயையும் தொடவில்லை. துரை நாயைக் கொன்றவள் என்று ஆலயத்தில் பெண்கள் பாயைத் தள்ளிப் போட்டார்கள். இம்மலரைப் பிடித்திருக்கும் கைகளில் சில அந்தப் பாயை இழுத்தவை.

கடைசி நாட்களில், சளி நெஞ்சை அடைக்க, "என்னத்த விட்டுட்டேன் மக்கா? மஞ்சள் பத்தலியா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் கஞ்சி ஊட்டினேன். அப்போதும் சொல்லவில்லை.

பெட்டி செய்தவருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், ஜெபித்த உபதேசியாருக்கும், இரவு பகலாய்த் துணையிருந்த அடுத்த வீட்டாருக்கும் குடும்பத்தார் நன்றி. உங்கள் நாய்க்குப் புண் வந்தால் மருந்து மேலே இருக்கிறது. பாளையையும் சேர்த்துப் படியுங்கள்.

அக்கா, மஞ்சள் சரியாகவே இருந்தது. நான் கட்டவில்லை.